பரத்பூருக்கு வராத விருந்தாளி

மொகலாய சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் சபையில் உஸ்தாத் மன்ஸூர் என்ற சித்திரக்காரர் ஒருவர் இருந்தார். பட்சிகளையும் மிருகங்களையும் புஷ்பங்களையும் உயிரோடு கண் முன் நிற்பது போல் எழுதுவதில் அவர் நிகரற்றவர். அவர் தீட்டிய படங்களில் ஒன்று கல்கத்தா இந்தியக் காட்சிசாலையில் இருக்கிறது. தூய வெண்ணிறமான பெரிய பறவை, நெற்றியிலிருந்து அலகின் அடிவரையில் இறகில்லாத சிவந்த முகம், நீண்டு உறுதியான அலகு, இளஞ்சிவப்புக் கால்கள். சைபீரியக் கொக்கு என்று நாம் இன்று சொல்லுகிற பறவை அது. ஐரோப்பிய விஞ்ஞான சாஸ்திரி பல்லாஸ் என்பவர் 1773-ஆம் வருஷத்தில்தான் அதை வர்ணித்துச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே நம் நாட்டுச் சித்திரக்காரர் ஒருவர் அதன் கால் விரல் நகம் வரையில் பார்த்து எழுதி வைத்துவிட்டார்.

சித்திரம் பத்திரமாக இருக்கிறது. பறவைதான் இல்லை. 2002-ஆம் வருஷத்துக் குளிர்காலம் முடிந்து வடக்கே பறந்து சென்ற ஒரே ஒரு ஜோடிக்குப் பிறகு, சைபீரியக் கொக்கு இந்திய மண்ணில் இறங்கியதாகத் தக்க சான்று கிடையாது. இந்தக் கதையைத்தான் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். கதையில் துப்பாக்கி வருகிறது, அணைக்கட்டு வருகிறது, எருமை மாடும் வருகிறது. யார் துஷ்டன், யார் சாது என்று சுலபமாகப் பிரித்துச் சொல்ல முடியாத கதை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வயல் வரப்பில் ஒற்றைக் காலில் தவம் செய்கிற கொக்கு வேறு; இது வேறு. ஏரிக்கரை மரங்களில் கூடு கட்டுகிற நாரையும் வேறு குலம். இங்கிலீஷ்காரர்கள் 'க்ரேன்' என்றும், வடமொழியாளர் ஸாரஸம் என்றும் சொல்லுகிற இந்தப் பெருங்கொக்கு ஜாதிக்குத் தமிழில் தனிப் பெயர் நிலைக்கவில்லை. நம் பக்கத்தில் அது கூட்டமாக வந்து தங்காததே காரணமாயிருக்கலாம். வேற்றுமை கண்டுகொள்ள வழி எளிது. வயல் கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். பெருங்கொக்கு ஈட்டி போல் நீட்டிக்கொண்டு பறக்கும். வயல் கொக்கு மரத்தில் அடையும்; பெருங்கொக்கு, ஆப்பிரிக்காவிலுள்ள கொண்டைக் கொக்கு நீங்கலாக, மரக்கிளையில் உட்காருவதே இல்லை. அதன் பின் விரல் மிகச் சிறியது, கிளையைப் பற்றாது. ஆகவே உண்பது, உறங்குவது, முட்டையிடுவது எல்லாம் தரையிலேதான். அதிலும் பெரும்பாலும் கணுக்கால் நனைகிற தண்ணீரில். நரியும் நாயும் தண்ணீரைச் சலசலக்காமல் நெருங்க முடியாது என்பதில் அதற்கு நம்பிக்கை. சதுப்பு நிலம் வற்றிப் போனால் மற்றப் பறவைகளுக்கு ஆகாரம்தான் போகும். பெருங்கொக்குக்கோ வீடும் போய்விடுகிறது.

உலகத்தில் இந்தக் குலத்தில் பதினைந்து வகைகள் இருக்கின்றன; அவற்றில் பத்து அழியக்கூடிய நிலைமையில் உள்ளன என்று உலகப் பாதுகாப்புச் சங்கத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற வகைகளைவிடத் தண்ணீரை அதிகம் நம்பி வாழ்வது சைபீரியக் கொக்கு. அதன் நீண்ட அலகு சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கு எடுப்பதற்கென்றே அமைந்தது. மற்ற வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூச்சுக் குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் குரல் எக்காளம் போல் மைல் தூரம் கேட்கும். சைபீரியக் கொக்கின் குழலில் அவ்வளவு சுருள் இல்லை. குரலும் புல்லாங்குழல் போல் மென்மையானது.

இந்த மென்குரல் பறவை செய்த பிரயாணமோ சாமான்யமானதல்ல. மேற்கு சைபீரியாவில் ஓப் என்ற மகா நதி பாயும் பிரதேசத்துச் சதுப்புகளில் பிறந்து, கஜகஸ்தானத்துப் புல்வெளிகளைத் தாண்டி, ஆப்கானிஸ்தானத்தில் ஆப்-இ-இஸ்தாதா என்னும் ஏரியில் இளைப்பாறி, சிந்து நதியைக் கடந்து ராஜபுதனத்துக்கு வந்து சேரும். மூவாயிரம் மைலுக்கு மேற்பட்ட வழி. தாய்க் கொக்கு இரண்டு முட்டையிடும். ஆனால் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். அந்த ஒரு குஞ்சு, தாய்க்கும் தந்தைக்கும் நடுவே பறந்து வந்து, முதல் குளிர்காலம் முழுவதும் அவர்களுடைய காலடியிலேயே மேய்ந்து, வழியையும் தங்குமிடங்களையும் கற்றுக்கொள்ளும். இந்த விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ பறவைகளுக்கு வலசை போகும் வழி பிறவியிலேயே அமைந்திருக்கிறது. பெருங்கொக்குக்கு அப்படியில்லை. அது பாடம்; தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்படுகிற பாடம். உபாத்தியாயர் இல்லாமல் போனால் பாடமும் இல்லாமல் போகும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இவை பரத்பூரில் மட்டும் தங்கவில்லை. எட்டாவாவில் கலெக்டராயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் 1860-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அந்த ஜில்லாவின் ஏரிகளில் இவற்றைப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். காங்கிரஸ் மகாசபையை ஸ்தாபித்தவர்களில் முக்கியஸ்தரான அதே ஹ்யூம்தான். அவர் இந்தியப் பறவைகளின் ஆராய்ச்சியில் அஸாத்திய ஊக்கம் கொண்டவர். அந்தக் காலத்து ஆராய்ச்சி என்றால் சுட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்து வைப்பதுதான். எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகளை அவர் லண்டன் காட்சிசாலைக்கு 1885-ல் கொடுத்துவிட்டார். காங்கிரஸ் பிறந்ததும் அதே வருஷம்! மனிதர்களுடைய விடுதலைக்குப் பாடுபட்ட கை பறவைகளுடைய விஷயத்தில் அவ்வளவு தாராளமாயிருக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் எழுதி வைத்திராவிட்டால் எட்டாவாவில் இப் பறவை இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இனி, பரத்பூர். ஆக்ராவிலிருந்து ஜயப்பூர் போகிற வழியில் இருக்கிறது அந்தப் பழைய ஜாட் ராஜதானி. ஊருக்கு வெளியே இயற்கையாகவே பள்ளமான நிலம். பதினெட்டாவது நூற்றாண்டில் ஆண்ட மகாராஜா சூரஜ்மல், கம்பீர் நதியும் பாணகங்கை நதியும் கூடுகிற இடத்தில் ‘அஜான் பந்து’ என்ற கரையைப் போட்டார். வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பதும், வயலுக்குத் தண்ணீர் தேக்குவதுமே நோக்கம். பறவைகளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. பத்தொன்பதாவது நூற்றாண்டின் கடைசியில்தான் அந்தப் பள்ளத்துக்குள் குறுக்குக் கரைகள் கட்டி, மதகுகள் வைத்து, அஜான் பந்திலிருந்து தண்ணீரைக் கொண்டு வந்து நிரப்பினார்கள். எதற்காக? வாத்து வேட்டைக்காக. சீமையிலிருந்து வந்த பிரபுக்களுக்கு விருந்து வைக்க வேண்டுமே!

அந்த விருந்துகளின் கணக்கு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. சரணாலயத்தின் நடுவிலுள்ள கேவலாதேவ் சிவன் கோவிலின் அருகில், எந்தத் தேதியில், எந்தப் பிரபுவின் கௌரவார்த்தம், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று கல்லிலே செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 1902-ல் கர்ஸன் பிரபுவில் ஆரம்பிக்கிறது ஜாபிதா. 1938-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273. கோவில் கல்வெட்டில் தானம் கொடுத்த நிலத்தையும் ஏற்றிய விளக்கையும் பொறித்து வைப்பது நம் தேசத்து வழக்கம். இது வேறு மாதிரிக் கல்வெட்டு.

ஆனால் ஓர் உண்மையையும் மறைப்பதற்கில்லை. வேட்டைக்காகத் தண்ணீர் விட்டதனால்தான் அந்தச் சதுப்பு பிழைத்தது. சுற்றிலுமிருந்த ஏரிகளும் குட்டைகளும் தூர்ந்து உழு நிலமாகிக்கொண்டிருந்த காலத்தில், பரத்பூர் மகாராஜாவின் கேளிக்கை ஒன்றுதான் இந்தப் பதினோரு சதுர மைலை ஈரமாக வைத்திருந்தது. தேசம் சுதந்திரம் அடைந்த பிறகு அந்த நிலம் முழுவதையும் பங்கிட்டு உழவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கை பலமாக எழுந்தது. பறவையியல் மேதை ஸலீம் அலி முதலியோர் இடைவிடாமல் வாதாடியதன் பலனாக 1956-ல் அது பறவைச் சரணாலயமாயிற்று. 1981-ல் ராம்ஸார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் வரிசையில் சேர்ந்தது. 1982-ல் தேசியப் பூங்கா. 1985-ல் உலகப் பாரம்பரியச் சொத்து. பட்டங்களுக்குக் குறைவில்லை.

அங்கே நடக்கிற காரியம் வெகு ரஸமானது. ஆடி ஆவணியில் மழை பெய்து அஜான் பந்து நிறைந்ததும் மதகைத் திறப்பார்கள். நதித் தண்ணீரோடு லட்சக்கணக்கான மீன் குஞ்சுகளும் உள்ளே வந்துவிடும். கருவேல மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது அந்த மீனை நம்பித்தான். ஐப்பசி கார்த்திகையில் வட தேசத்து வாத்துகள் வந்து இறங்கும். தண்ணீர் மெல்ல மெல்ல வடிய, அடியிலிருந்த கிழங்குகள் அலகுக்கு எட்டும். கொக்குகளுக்கு அறுவடைக் காலம். வைகாசியில் பெரும்பகுதி வறண்டு வெடித்துக் கிடக்கும். அப்படி வறளுவதும் அவசியம். எப்போதும் தண்ணீர் நின்றால் சதுப்பு வெறும் குளமாகிவிடும். இவ்வளவுக்கும் வருஷம் ஒன்றுக்குச் சுமார் 55 கோடி கன அடித் தண்ணீர் வேண்டும்.

1960-க்குப் பிற்பட்ட நடு வருஷங்களில் இங்கே சுமார் இருநூறு சைபீரியக் கொக்குகள் இருந்தன. 1973-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு, ரான் ஸாவி என்ற இரண்டு இளைஞர்கள் உலகத்துப் பெருங்கொக்குகளைக் காப்பதற்கென்றே ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். ஸாவி பரத்பூருக்கு வந்து, குளிரில் நின்று, இக் கொக்குகளின் நடையுடை பாவனைகளை ஆராய்ந்தவர். அவர் எண்ணியபோதே இருநூறு என்பது நூறுக்கும் கீழே போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் வடக்கே போனதில் கொஞ்சம் திரும்பவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எருமை மாட்டின் அத்தியாயம் வருகிறது. தேசியப் பூங்கா என்றால் கால்நடை மேயக்கூடாது என்பது சட்டம். சுற்றியுள்ள கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே எருமைகளை மேய்த்து வந்தார்கள். எருமைகளால் சதுப்பு கெடுகிறது என்பது அறிஞர் பலருடைய அபிப்பிராயமாகவும் இருந்தது. ஸலீம் அலியும் அதற்கு விலக்கல்ல. 1982-ல் மேய்ச்சல் அடியோடு நிறுத்தப்பட்டது. மாற்று மேய்ச்சல் நிலம் எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. நவம்பர் மாதத்தில் கிராமத்தார் திரண்டு உள்ளே நுழைய முயன்றபோது போலீசார் சுட்டார்கள். இறந்தவர்கள் ஏழு பேர் என்று சிலரும் ஒன்பது பேர் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள்.

வாத்துக்காக வெடித்த துப்பாக்கிகளின் கணக்கைக் கல்லில் செதுக்கினார்கள் என்று சொன்னோம். இந்த மனிதர்களுக்கு அங்கே கல் கிடையாது.

அவர்கள் எதற்காக இறந்தார்களோ அந்தத் தடையினால் பறவைக்காவது நன்மை விளைந்ததா? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980 முதல் பத்து வருஷம் அங்கே தங்கி, தண்ணீர், புல், மீன், பூச்சி, பறவை எல்லாவற்றையும் அளந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட முடிவு எல்லாரையும் திடுக்கிடச் செய்தது. எருமைகள் போனதும் ஒரு வகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் மண்டித் திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. கொக்குக்கு வேண்டிய கிழங்கு புல்லுக்கடியில் மறைந்தது, வாத்துக்கு நீந்த இடமில்லை, மீன் குறைந்தது. எருமைதான் அதுவரையில் சம்பளம் வாங்காத தோட்டக்காரனாகப் புல்லைத் தின்று தண்ணீரைத் திறந்து வைத்திருந்தது! தங்களுக்கு முன் அபிப்பிராயம் இருந்த விஷயத்தில் அதற்கு நேர் விரோதமான உண்மை வெளிப்பட்டபோது அதை ஒளிக்காமல் அச்சிட்டார்கள். அந்த நேர்மையை நாம் மிகவும் மதிக்கிறோம். கிராமத்தாரைப் புல் அறுத்துக்கொண்டு போக அனுமதிப்பது, பிற்பாடு சீமைக் கருவேல் காடாக மண்டியபோது அதை வேரோடு பிடுங்கி விறகாக எடுத்துக்கொள்ளச் சொல்லுவது என்று சர்க்காரும் வழிக்கு வந்தார்கள். சீமைக் கருவேலின் மகாத்மியம் நம் ராமநாதபுரத்து நேயர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் கொக்கு குறைந்ததற்கு இது ஒன்றே காரணமாகாது. வழிநெடுக ஆபத்து. ஆப்கானிஸ்தானத்தில் 1979-ல் மூண்ட யுத்தம் ஓயவேயில்லை. துப்பாக்கி ஏந்தாத கை அங்கே குறைவு. பாகிஸ்தானத்தின் எல்லைப்புறப் பள்ளத்தாக்குகளில் கொக்கு பிடிப்பது நெடுங்கால வழக்கம். பழக்கிய கொக்குகளை இரவில் கூவச் செய்து, மேலே பறக்கிற கூட்டம் தாழ்ந்து வந்ததும், நுனியில் ஈயக் குண்டு கட்டிய நீண்ட கயிற்றைச் சுழற்றி எறிவார்கள். கயிறு பறவையைச் சுற்றிக்கொள்ள அது கீழே விழும். அவர்கள் நாடுவது எண்ணிக்கையில் மிகுந்த வேறு கொக்குகளைத்தான். ஆனால் இருட்டில் வீசிய கயிற்றுக்கு ஜாதி தெரியாது.

1992-93 குளிர்காலத்தில் பரத்பூருக்கு வந்தவை ஐந்து. அடுத்த இரண்டு குளிர்காலங்களில் ஒன்றும் வரவில்லை. கதை முடிந்தது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, விரல் விட்டு எண்ணத்தக்க சில மறுபடியும் வந்து சேர்ந்தன! அந்தச் சந்தோஷமும் சில வருஷங்களுக்குத்தான். இடையில், மனிதர் வளர்ப்பில் பிறந்த இளங் கொக்குகளைப் பரத்பூரில் கொண்டு விட்டு, காட்டுப் பறவைகளோடு சேர்த்து வடக்கே அனுப்பப் பார்த்தார்கள். அவை சேரவில்லை. 2012-ல் ருஷ்யாவின் ஜனாதிபதி புடினே வெள்ளை உடை தரித்து, சிறு பறக்கும் இயந்திரத்தில் ஏறி, வளர்ப்புக் கொக்குகளுக்கு வழிகாட்டிப் பறந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கேலி செய்தவர்கள் அநேகர். அந்த உபாயம் ஒன்றும் நகைப்புக்குரியதல்ல. அமெரிக்காவில் வெண்பெருங்கொக்குகளுக்கு 2001 முதல் பல வருஷங்கள் அவ்வாறே விஸ்கான்ஸினிலிருந்து பிளாரிடாவுக்கு வழி கற்பித்தார்கள். வழி கற்றன, ஆனால் அப்படி வளர்ந்த பறவைகள் தங்கள் குஞ்சுகளைச் சரிவர வளர்க்கவில்லை என்று கண்டு பிற்பாடு அதை நிறுத்திவிட்டார்கள். பறக்க மட்டும் கற்பித்தால் போதாது போலும்.

பாரசீகத்தில் காஸ்பியன் கடலோரம் பெரிதுன்கினார் என்ற ஊர் இருக்கிறது. மேற்கு சைபீரியக் கொக்குகளில் இன்னொரு சிறு கூட்டம் அங்கே குளிர்காலம் கழித்து வந்தது. அங்குள்ள கிராமத்தார் வயல்களில் தண்ணீர் தேக்கி, வலை வைத்து வாத்து பிடிக்கிறவர்கள். வெடிச் சத்தம் கேட்டால் வாத்து கலைந்துவிடும் என்று துப்பாக்கிக்காரர்களை உள்ளே விடுவதில்லை. அந்த வாத்து பிடிப்பவர்களின் சுயநலத்தில்தான் கொக்குக்குப் பாதுகாப்புக் கிடைத்தது! கூட்டம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஓர் ஆண் பறவை மட்டும் மிஞ்சியது. ஊரார் அதற்கு ‘ஓமித்’ என்று பெயரிட்டார்கள். நம்பிக்கை என்று அர்த்தம். பத்து வருஷங்களுக்கு மேலாக அது சைபீரியாவிலிருந்து தன்னந்தனியாக வந்து தனியாகத் திரும்பியது. 2023-ல் பெல்ஜியத்தில் வளர்ந்த பெண் பறவை ஒன்றைக் கொண்டு வந்து அதன் அருகில் விட்டார்கள். ‘ரோயா’, அதாவது கனவு, என்று அதற்குப் பெயர். இரண்டும் சேர்ந்து மேய்ந்ததைக் கண்டு ஊரே மகிழ்ந்தது. ஆனால் அந்த உறவு குலம் தழைப்பதில் முடியவில்லை.

பரத்பூருக்குத் திரும்புவோம். கொக்கு போன பிறகு தண்ணீரும் போயிற்று. கம்பீர் நதியின் மேற்புறத்தில், கரௌலி ஜில்லாவில், பாஞ்சனா என்று ஓர் அணை உண்டு. 2004-ல் மழை பொய்த்தபோது, அணைத் தண்ணீரில் பூங்காவுக்குப் பங்கு கொடுக்க அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் சம்மதிக்கவில்லை. பயிர் கருகும்போது பறவைக்குத் தண்ணீரா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பூங்காவின் அண்டையிலுள்ள கிராமங்களிலும் குடியானவர்கள் இருக்கிறார்கள். சதுப்பு வற்றினால் அவர்களுடைய கிணறுகளில் உப்புத் தட்டுகிறது. ஆகவே இது மனிதனுக்கும் பறவைக்கும் வழக்கு என்று சொல்லிவிட முடியாது. மேற்கரைக் குடியானவனுக்கும் கீழ்க்கரைக் குடியானவனுக்கும் வழக்கு. காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் நதியிலிருந்தும் குழாய் மூலம் தண்ணீர் கொண்டு வர ஏற்பாடாயிற்று. தண்ணீர் வருகிறது; குழாயில் மீன் குஞ்சு வருவதில்லை.

சில வருஷங்களுக்கு முன் டிஸம்பர் விடுமுறையில் நாம் அங்கே போயிருந்தோம். பூங்காவுக்குள் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை, சைக்கிள் ரிக்‌ஷாதான். ரிக்‌ஷாக்காரர்களுக்குப் பறவை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நம்மை ஏற்றிச் சென்ற சீக்கியக் கிழவர், கண்ணாடியில்லாத கண்ணால் அரை மைல் தூரத்து ஆந்தையைச் சுட்டிக் காட்டினார். நமக்கு மரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. சைபீரியக் கொக்கைப் பார்த்திருக்கிறீரா என்று கேட்டோம். வண்டியை நிறுத்தினார். "மாஸ்டர்ஜி, அந்தக் காலத்தில் அதைக் காட்டாமல் கூலி வாங்கினால் பாவம் என்று நினைப்போம்" என்றார். பிறகு ஒரு திட்டைக் காட்டி, கடைசி ஜோடி மேய்ந்த இடம் அது என்றார். அங்கே அப்போது ஒரு ஜோடி ஸாரஸங்கள் நின்றுகொண்டிருந்தன.

ஸாரஸத்தின் கதை அவ்வளவு துக்ககரமானதல்ல. ஆறடிக்குச் சற்றே குறைந்த உயரம். பறக்கும் பறவைகளில் உலகத்திலேயே நெட்டையானது. ஜஹாங்கீர் ஒரு ஜோடியைக் குஞ்சிலிருந்து வளர்த்து, லைலா மஜ்னூன் என்று பெயரிட்டு, அவை கூடியதையும் முட்டையிட்டதையும் முறை வைத்து அடைகாத்ததையும் தம் தினசரியில் எழுதி வைத்திருக்கிறார். ஜோடியில் ஒன்று இறந்தால் மற்றது ஏங்கி உயிர் விடும் என்பது வட நாட்டு ஜனங்களின் நம்பிக்கை. சாஸ்திரிகள் பார்த்த அளவில், விதுரமான பறவை சில காலம் கழித்து மறுமணம் செய்துகொள்வதும் உண்டு. ஆனால் நம்பிக்கைதான் வேலை செய்கிறது. அதனால்தான் கிராமத்தார் அதைக் கொல்லுவதில்லை. சில இடங்களில் புது மணமக்களை அழைத்துச் சென்று ஸாரஸ ஜோடியைத் தரிசிக்கச் செய்கிறார்கள். உத்தரப் பிரதேச சர்க்கார் அதைத் தங்கள் ராஜ்யப் பறவையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சமீப வருஷக் கணக்குகளில் அந்த ராஜ்யத்தில் மட்டும் ஏறத்தாழ இருபதினாயிரம் ஸாரஸங்கள் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, அவை பெரும்பாலும் சரணாலயங்களில் வாழவில்லை என்பது. நெல் வயலிலும், வயலோரத்துக் குட்டையிலும், கால்வாய்க் கசிவில் தேங்கிய பள்ளத்திலும் வாழ்கின்றன. எட்டாவா ஜில்லாவிலுள்ள ஸர்ஸாய் நாவர் என்னும் ஏரிக்கு ஸாரஸத்தினாலேயே அந்தப் பெயர். நட்ட நெல்லுக்கு நடுவே ஆளுயர வட்டத்துக்குப் பயிரை மடக்கிக் கூடு கட்டிவிட்டால், அந்த நெல் போனது போனதுதான், குடியானவர் பொறுத்துக்கொள்கிறார். கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் கூடுகளைக் காவல் காக்கக் கிராமத்தாரையே அமர்த்தி ஒரு முயற்சி நடந்து வருகிறது. ஆனால் நெல்லுக்குப் பதில் கரும்பு போட்டால் தண்ணீர் நிற்காது. குட்டை வருவாய்க் கணக்கில் ‘தரிசு’ என்று இருப்பதால் அதைத் தூர்ப்பதற்குத் தடை சொல்லுவாரில்லை. வயலுக்கு மேலே செல்லும் மின்சாரக் கம்பி, காலை மூடுபனியில் அந்தப் பெரிய பறவைக்குத் தெரிவதில்லை. கம்பியில் மோதி மாண்டவை பல.

மின்சாரக் கம்பி என்றதும் பூட்டான் தேசத்துப் போப்ஜிகா பள்ளத்தாக்கைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. திபேத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்துக்கு அங்கே வருகின்றன. வந்ததும் காங்தே மடாலயத்தை மூன்று முறை வலம் வந்த பிறகே இறங்குகின்றன என்று ஊரார் சொல்லுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்கு மின்சாரம் கொண்டு போனபோது கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் கொக்குக்கு ஆபத்து என்று கம்பியைப் பூமிக்கடியில் புதைத்தார்கள். செலவு அதிகம். பணக்காரத் தேசமுமல்ல. நம்முடைய அருணாசலப் பிரதேசத்திலும் அதே கொக்கு நியாம்ஜங் சூ என்ற ஆற்றங்கரையில் சில வந்து தங்குகின்றன. அங்கே நீர்மின் அணை கட்ட அளித்த அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் நிறுத்தி வைத்தது; அதற்காக வழக்காடியவர்களில் பௌத்த பிக்ஷுக்களும் உண்டு.

குறைந்த கூட்டம் மீண்டும் பெருகாது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் வெண்பெருங்கொக்கு 1941-ல் இருபதுக்குச் சற்று மேலே என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. டெக்ஸாஸ் கரையில் அவை தங்கும் சதுப்பை அதற்கு நான்கு வருஷத்துக்கு முன்தான் காப்பிடமாக்கியிருந்தார்கள். முட்டையிடும் இடம் கனடாவில் எங்கே என்பதே 1954-ல்தான் தெரிந்தது. அந்தக் கூட்டம் இன்று ஐந்நூறைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் 1952-ல் எண்ணியபோது முப்பத்துமூன்று செம்முடிக் கொக்குகள். கடுங் குளிரில் குடியானவர்கள் தங்கள் சோளத்தைத் தூவிக் காப்பாற்றினார்கள். இன்று ஆயிரத்துக்கு மேல். இரண்டு இடங்களிலும் வழி தெரிந்த பறவைகள் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தபோது காரியம் தொடங்கப்பட்டது.

சைபீரியக் கொக்கும் உலகத்திலிருந்தே ஒழிந்துவிடவில்லை. கிழக்கு சைபீரியாவில் பிறக்கும் கூட்டம், சில ஆயிரம் பறவைகள், அநேகமாக முழுவதும் சீன தேசத்தில் போயாங் ஏரிப் பக்கத்தில் குளிர்காலம் கழிக்கின்றன. அந்த ஏரி மழைக் காலத்தில் கடல் போல் விரிந்து, குளிர்காலத்தில் சுருங்கும். சுருங்கும்போது வெளிப்படுகிற சேற்றில் கிழங்கு. ஏரியின் வாயில் மதகு கட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று அந்த மாகாணத்தார் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். கொக்குக்கு அது ஆகாது என்று சீன விஞ்ஞானிகளிலேயே பலர் ஆட்சேபிக்கிறார்கள். இதற்கிடையில் ஏரியில் கிழங்குச் செடி அழிந்த வருஷங்களில் பசித்த கொக்குகள் வயல்களில் இறங்கின. தாமரைக் கிழங்கு பயிரிட்ட குளங்களிலும் இறங்கின. நான்சாங் நகரத்தின் பக்கத்தில் அன்பர்கள் சிலர் ஒரு தாமரைக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, கிழங்கைத் தோண்டாமல் விட்டு வைத்தார்கள். குளிர்காலம் தோறும் வெண்கொக்குகள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து இறங்கி, மன்ஸூர் எழுதிய அதே அலகினால் சேற்றைக் கிளறுகின்றன.